வாயில் குஞ்சு காக்கும் மீனும், கல்லில் முட்டையிடும் மீனும்

ஏலாக்குறிச்சி என்றதும் வீரமாமுனிவரும் அடைக்கல மாதா ஆலயமும் நினைவுக்கு வருவது இயல்பு. விலங்கியல் மாணவனுக்கோ அவ்வூருக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடமும், சுற்றியுள்ள ஏரி குளங்களும் நினைவுக்கு வர வேண்டும். அந்நீர்நிலைகளில் வலை வீசினால் கிடைக்கும் ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீனே அன்று என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. 1952-இல் உணவுக்காக இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. பிற மீன்களுக்கு இடையூறு என்று கண்டு 1959-இலேயே அதனைப் பரப்புவதற்குத் தடை விதிக்கப்பட்டது. அதற்குள் அது குளத்திற்குக் குளம் தாவிவிட்டது!

அதன் வெற்றிக்குக் காரணம் வாய். ஆண்மீன் மணலில் பள்ளம் தோண்டும்; அப்போது அதன் உடல் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்போரம் சிவக்கும். பெண் முட்டையிட்டவுடன் அவற்றைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். முட்டை பொரிந்து குஞ்சுகள் நீந்தும்வரை அது பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. வெளியே விட்ட பின்னரும், ஆபத்து வந்தால் குஞ்சுகள் தாயின் வாய்க்குள் ஓடிப் புகும். இக்காட்சியைக் காண ஓர் ஆணும் இரண்டு மூன்று பெண்களும், அடியில் மணலும் போதும். ஆனால் நெருக்கடியான இடத்தில் இவை சிறு வயதிலேயே இனம் பெருக்கிக் குள்ளமாகிவிடும். குளத்தில் நேர்வதும் இதுவே. இன்னொரு விந்தை: பிற நாடுகளில் தொல்லையான இம்மீன், சொந்த மண்ணில் நைல் திலேப்பியாவுடன் கலந்து தன் தூய இனத்தை இழந்து வருகிறது.

வீட்டுத் தொட்டிக்கு என் பரிந்துரை வேறு. இந்தியாவைத் தாயகமாகக் கொண்ட சிக்லிட்கள் மூன்றே மூன்று. அவற்றுள் கேரளம் 2010-இல் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீன் ஒன்று. நம்மவர் செத்தக்கெண்டை என்பர். அதன் சிறிய உறவினன், மலையாளத்தார் பல்லத்தி என அழைக்கும் எட்ரோப்ளஸ் மேக்குலேட்டஸ். ஏறத்தாழ 8 செ.மீ. வளரும் மஞ்சள் நிற மீன்; தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகங்களிலும் நன்னீரிலும் வாழ்வது. இவற்றின் மிக நெருங்கிய உறவினங்கள் மடகாஸ்கர் தீவில் உள்ளன.

3 அடி நீளம், 1 அடி அகலமுள்ள தொட்டி போதுமானது. குழாய் நீரில் குளோரின் இருந்தால் ஒருநாள் திறந்து வைத்திருந்து ஊற்றுக. சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர்பெற்ற அரியலூர் வட்டாரத்துக் கிணற்று நீரின் கடினத்தன்மை மென்னீர் மீன்களுக்கு ஆகாது. பல்லத்திக்கு அது குறையே அன்று. புதுத் தொட்டியில் உடனே மீன்களை நிரப்புவதுதான் தொடக்கக்காரர் பலரும் செய்வது. கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை ஓரிரு மீன்களே இருக்கட்டும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுக.

ஆண் பெண் வேறுபாடு எளிதில் தெரியாது. ஆதலால் ஆறு இளமீன்களை வளர்த்தால் அவையே இணை சேர்ந்துகொள்ளும். தட்டைக் கல்லில் சிறு காம்புகளால் ஒட்டியபடி முட்டைகள் தொங்கும். தாய் தந்தை இரண்டுமே துடுப்பால் விசிறிக் காக்கும். பொரிந்த குஞ்சுகளை மணற்குழியில் இட்டு, அடிக்கடி குழி மாற்றும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரின் உடலைக் கொத்துவதைக் கண்டு அஞ்சிப் பிரித்துவிடலாகாது. அவை தோலின் கோழையை உண்கின்றன. பசுவின் மடியைக் கன்று நாடுவது போன்றதே இது. கூடவே ஆர்ட்டீமியாக் குஞ்சுகளையும் இரையாகத் தருக.

வார்டு, வைமன் ஆகியோர் ஆய்ந்து 1972-இல் வெளியிட்ட செய்தி சுவையானது. பல்லத்தி, செத்தக்கெண்டையின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்கிறது. அதே பல்லத்தி, செத்தக்கெண்டையின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னவும் தயங்குவதில்லை! எனவே இரண்டையும் ஒரே தொட்டியில் இனப்பெருக்கத்திற்கு விடுதல் கூடாது.

மிகுந்த குஞ்சுகளை நண்பர்களுக்கோ கல்லூரி ஆய்வகத்திற்கோ அளிக்கலாம். ஜிலேபிக் குஞ்சானால் ஒன்றையேனும் ஏரியில் விட வேண்டாம். குழம்புக்கு ஆகும் அளவு வளர்த்துக்கொள்வது மேல்.