பூனைக் கண்ணில் ஏறிய திரை

கேள்வி: எங்கள் ஐந்து மாதப் பூனைக்குட்டியின் இரண்டு கண்களிலும் மூக்கோரத்திலிருந்து வெள்ளைத் தோல் பாதிவரை ஏறி நிற்கிறது. பார்வை போய்விடுமோ?

பதில்: இந்தத் திரையால் பார்வை போகாது, பயப்படாதீர்கள். அது பூனைக்கு இயல்பாகவே உள்ள மூன்றாம் இமை. விழி சற்று உள்வாங்கினால் தானாக மேலேறும். இரண்டு கண்களிலும் ஒரே அளவில் ஏறியிருப்பதுதான் தடயம். அடிபட்டாலோ கீறினாலோ பெரும்பாலும் ஒரு கண்தான் மாறும். இரண்டும் சேர்ந்து மாறினால் கோளாறு பெரும்பாலும் உடம்பில், அதிலும் வயிற்றில். குடற்புழு, கழிச்சல், நீரிழப்பு மூன்றையும் சந்தேகியுங்கள். இளம் பூனைகளுக்குக் கழிச்சலோடு வரும் இந்தத் திரை அநேகமாகச் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். ஆனாலும் குட்டியின் மலத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணில்தானே தெரிகிறது, வீட்டிலுள்ள சொட்டு மருந்தை விட்டால் என்ன என்று தோன்றும். விடவே கூடாது. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. குட்டிகளிடம் பரவலாகக் காணப்படும் ஹெர்பிஸ் வைரஸ் கருவிழியில் புண் உண்டாக்கியிருந்தால், ஸ்டீராய்டு அதை ஆழமாக்கிப் பார்வைக்கே உலை வைக்கும். கண்ணை இடுக்கினாலோ, சீழ் வடிந்தாலோ, கண்மணிகள் இரண்டும் வெவ்வேறு அளவில் தெரிந்தாலோ ஓரிரு நாள்கூடக் காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள்.