நெகட்டிவைத் துடைப்பதற்கு முன்

ஊரில் ஸ்டுடியோ வைத்து நாற்பது வருடம் தொழில் செய்தவன் நான். பழைய படங்களைச் சுத்தம் செய்யக் கற்றுக்கொள்ள வரும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்ல வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன்.

1. முதல் வேலை ஸ்கேன். கறையோடு இருக்கிறபடியே ஸ்கேன் செய்துவிட்டுத்தான் கரைப்பான் பாட்டிலின் மூடியைத் திறக்க வேண்டும்.

2. கறை என்னவென்று பாருங்கள். கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு, செல்லோடேப் பசை இவையெல்லாம் கரைப்பானில் போகும். பிரின்ட் மஞ்சள் பாய்ந்திருந்தாலோ, ஓரங்களில் வெள்ளி போல மின்னினாலோ அது படத்துக்கு உள்ளேயே நடந்த மாற்றம். எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது. நம் வீடுகளில் பூஜை அறையில் மாட்டிய படத்தில் குங்குமம் இறங்கியிருக்கும். அதை ஸ்பிரிட்டால் துடைத்தால் சாயம் கரைந்து இன்னும் பரவும். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே வேண்டாம். கண்ணாடிக்கு மேலேயே ஸ்கேன் செய்யலாம்.

3. கையில் இருக்க வேண்டியது 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால். கை கழுவ விற்கும் 70 சதவீதம் உதவாது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் பட்டால் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் ஊதிக்கொள்ளும். அந்த நேரத்தில் பஞ்சு உரசினால் படமே உரிந்து வரும். பெயின்ட் கடைத் தின்னரும் அசிட்டோனும் அசிட்டேட் பிலிமைக் கரைத்துவிடும். எங்கள் காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு வைத்துத் துடைத்தோம். கறை அழகாகப் போகும், ஆனால் அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும். பழைய ஸ்டுடியோ அலமாரியில் அந்தப் பாட்டில் கிடைத்தால் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள்.

4. பிலிமின் ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். 1950களின் தொடக்கம் வரை நைட்ரேட் பிலிமும் புழக்கத்தில் இருந்தது. அது தானாகவே பற்றிக்கொள்ளக் கூடியது. 2003 ஜனவரியில் புனேயில் பிடித்த தீயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் படங்கள் பல எரிந்து போயின. நைட்ரேட் என்று சந்தேகம் வந்தாலே துடைக்கிற எண்ணத்தை விட்டு, குளிர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள்.

5. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம் ஒரு அம்மா தன் கல்யாணப் படத்தைக் கொண்டு வந்தார். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் கையால் வண்ணம் தீட்டியது. மூலையில் கிடந்த எண்ணெய்க் கறையை எடுக்க ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்தேன். புடவையின் சிவப்பு பஞ்சில் வந்துவிட்டது. அந்த அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். வண்ணம் தீட்டிய பிரின்ட், இங்க்ஜெட் பிரின்ட் இரண்டிலும் கரைப்பான் கூடாது. ஸ்டுடியோ நெகட்டிவிலும் கவனம் வேண்டும்: முகச் சுருக்கம் தெரியாதிருக்க அந்தக் கால ரீடச்சர் படம் பதிந்த எமல்ஷன் பக்கம் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்திருப்பார். ஒரே துடைப்பில் அவருடைய உழைப்பு போய்விடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் தெரியும்.

6. பூஞ்சை பிடித்த பிலிமில் தண்ணீர் படவே கூடாது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து போகும். முகமூடி போட்டுக்கொண்டு, நன்றாக உலரவிட்டு, பிரஷ்ஷால் தட்டுங்கள்.

7. துடைக்கும் முறை: முதலில் புளோயரால் தூசியை ஊதுங்கள், தூசியோடு துடைத்தால் கீறல் விழும். படம் இல்லாத ஓரத்தில் ஒரு துளி வைத்து, பஞ்சில் நிறம் வருகிறதா பாருங்கள். பிறகு பளபளப்பான பின்பக்கம். ஒரே திசையில் ஒரு இழுப்பு, அந்தப் பஞ்சை எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு. பஞ்சு ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. மங்கலான எமல்ஷன் பக்கத்துக்கு அவசியம் இருந்தால் மட்டும் போங்கள்.

8. இந்த ஆல்கஹாலின் ஆவி சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும். நம் ஊரில் மார்கழிக் காலையிலும் அதைவிடச் சூடு. ஜன்னலைத் திறந்துவையுங்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள், விளக்கும் ஊதுவத்தியும் எரிகிற அறையில் வேண்டாம்.

9. இரண்டு முறை துடைத்தும் போகாத கறையை விட்டுவிடுங்கள். படத்தை உறையில் போட்டு, எதை வைத்து எந்தத் தேதியில் துடைத்தீர்கள் என்று உறை மேல் எழுதி உரியவரிடம் கொடுங்கள். அடுத்து அதைக் கையில் எடுப்பவருக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.