விமானத்தில் எங்கே உட்கார்வது?

2012 ஏப்ரலில், மெக்சிகோவின் மெக்சிகாலி நகருக்கு அருகிலுள்ள பாலைவனத்தில் ஒரு போயிங் 727 விமானத்தை வேண்டுமென்றே தரையில் மோதவிட்டார்கள். தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றுக்காக நடந்த சோதனை அது. விமானிகள் பாராசூட்டில் குதித்துவிட்டார்கள். கூடவே பறந்து வந்த சின்ன செஸ்னாவிலிருந்து ரிமோட் மூலம் அதை இறக்கினார்கள். இருக்கைகளில் உணர்கருவிகள் பொருத்திய பொம்மைகள். மூக்குப் பகுதி மோதி முறிந்தது. 7A இருக்கை பிய்த்துக்கொண்டு 150 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. முன்வரிசைக்காரர்கள் பிழைத்திருக்க மாட்டார்கள், இறக்கையருகே இருந்தவர்கள் காயத்தோடு தப்பியிருப்பார்கள், வால் பக்கம் இருந்தவர்கள் எழுந்து நடந்தே போயிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

அப்படியானால் எப்போதும் கடைசி வரிசைதானா? 1971க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த விபத்துகளை 2007ல் பாப்புலர் மெக்கானிக்ஸ் இதழ் அலசியபோது, பின்பகுதியில் 69 சதவீதம் பேரும் முன்பகுதியில் 49 சதவீதம் பேரும் பிழைத்திருந்தது தெரிந்தது. ஆனால் 1985ல் மான்செஸ்டர் ஓடுபாதையில் தீப்பிடித்த விமானத்தில் நெருப்பு பின்பக்கம்தான் சூழ்ந்தது. இறந்த 55 பேரில் பெரும்பாலோர் புகையால் மடிந்தவர்கள். 2025ல் அகமதாபாத்தில் நடந்த விமான விபத்தில் உயிர் தப்பிய ஒரே பயணி 11A இருக்கையில், அவசர வழிக்குப் பக்கத்தில் இருந்தார். அதை வைத்து 11Aயை ராசியான எண்ணாக்கிவிட முடியாது. எப்படி மோதுகிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

டிக்கெட் எடுக்கும்போது

இருக்கை எண்ணைவிட, அவசர வழி எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். கிரீனிச் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட் கலியா நூற்றுக்கும் மேற்பட்ட விபத்துகளின் இருக்கை வரைபடங்களை ஆராய்ந்தவர். வழியிலிருந்து ஐந்து வரிசைக்குள் இருப்பவர்களுக்கே தப்பும் வாய்ப்பு அதிகம் என்பது அவர் கண்டது. தீ விபத்தில் நடைபாதையோர இருக்கை கொஞ்சம் கூடுதல் நன்மை. என் தேர்வு, இறக்கைக்குப் பின்னால், வழிக்குக் கிட்டத்தில், நடைபாதையோரம்.

குடும்பமாகப் போகிறவர்கள் பணம் கொடுத்தாவது சேர்ந்தே உட்காருங்கள். ஆபத்தில் யாரும் தன் பிள்ளையை விட்டுவிட்டு ஓடமாட்டார்கள். எதிர்த்திசையில் தேடிப் போவார்கள், வழி அடைபடும். ஒரே பயணப் பதிவெண்ணில் (பிஎன்ஆர்) வரும் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் தர வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ 2024ல் உத்தரவிட்டிருக்கிறது. தரவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

உட்கார்ந்தவுடன்

முன்னால் உள்ள வழிக்கு எத்தனை வரிசை, பின்னால் உள்ளதற்கு எத்தனை என்று இருக்கைமுதுகுகளை எண்ணி மனதில் வையுங்கள். புகை நிறைந்தால் கண் உதவாது, கைதான் எண்ண வேண்டும். விமானம் மேலேறும்போதும் தரையிறங்கும்போதும் ஷூவைக் கழற்றாதீர்கள்; உடைந்த உலோகத்திலும் நெருப்பிலும் வெறுங்காலோடு ஓட முடியாது.

பெல்ட்டை இடுப்பெலும்பின்மேல், வயிற்றுக்குக் கீழே இறுக்கிப் போடுங்கள். ஒருமுறை கழற்றியும் பாருங்கள். கார் பெல்ட்டின் பொத்தானை அழுத்திப் பழகிய கை, பதற்றத்தில் இங்கேயும் பொத்தானைத் தேடும். இங்கே தூக்கினால்தான் திறக்கும்.

மோதப் போகிறது என்றால்

மெக்சிகாலி சோதனையில் என்னை அதிகம் உலுக்கியது இந்தப் பகுதிதான். பெல்ட் போட்டுக் குனிந்திருந்த பொம்மை பிழைத்திருக்கும். பெல்ட் மட்டும் போட்டு நிமிர்ந்திருந்ததற்குத் தலையில் கடுமையான காயம். பெல்ட்டே போடாதது இறந்திருக்கும். ஆகவே குனியுங்கள்: நெற்றி முன்னிருக்கையைத் தொட, ஒரு கைமேல் இன்னொரு கை தலையின்மேல், விரல்களைக் கோக்காமல். பாதங்கள் தரையில், முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். 1989ல் இங்கிலாந்தின் கெக்வொர்த் விபத்துக்குப் பிறகு நடந்த ஆய்வுகள் இந்த நிலையைச் செம்மைப்படுத்தின.

நின்றதும்

பாதி வழிகள் அடைபட்டிருந்தாலும் 90 நொடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கும். ஆனால் அந்தக் கணக்கில் யாரும் மேலே வைத்த பையை இறக்குவதில்லை. 2024 ஜனவரி 2ல் டோக்கியோவின் ஹனேடாவில் எரிந்த விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு வந்தார்கள். பைகளை விட்டுவிட்டு வந்தார்கள். பாஸ்போர்ட்டையும் மருந்தையும் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ வைத்திருந்தால் மனம் மேலே உள்ள பைக்குப் போகாது.

உயிர்காப்புச் சட்டையை உள்ளே ஊதிவிடாதீர்கள். தண்ணீர் புகுந்தால் கூரையோடு ஒட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் போகும். வழியைத் தாண்டும் நொடியில் அதை ஊதவைக்கும் பிடியை இழுங்கள். புகை இருந்தால் குனிந்து நகருங்கள். சறுக்கில் உட்கார்ந்து யோசிக்காமல் கைகளை மார்பில் கட்டிக் குதியுங்கள். இறங்கியதும், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விமானத்தைவிட்டு விலகி ஓடுங்கள்.