அலைமாற்றியை அளத்தல்

குற்றாலச் சாரல் தவழும் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டை வீட்டு மாடிகளில் தொலைக்காட்சிக் கிண்ணங்கள் நனைந்தபடி நிற்கும். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலிருந்து வரும் மெல்லிய அலையை அவை ஏற்கின்றன. கிண்ணத்தின் முன் நீண்டிருக்கும் கையளவுப் பெட்டிக்குள் நிகழ்வதே அதிர்வெண் மாற்றம்.

வந்துசேரும் அலை 12 கிகாஹெர்ட்ஸ் எனக் கொள்வோம். அது கம்பிவடத்தில் செல்லும்போது பெரிதும் மெலிந்துவிடும். ஆதலால் பெட்டியினுள் உள்ள அலையியற்றி 10.6 கிகாஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குகிறது. கலப்பி இரண்டையும் கலக்கிறது. வேறுபாடாகிய 1.4 கிகாஹெர்ட்ஸ் அலை வீட்டுக்குள் இறங்குகிறது. செய்தி மாறுவதில்லை, அதனைச் சுமக்கும் அலையே மாறுகிறது.

இத்தகைய கருவி செம்மையாக இயங்குகிறதா என்பதை எவ்வாறு அறிவது? நெட்வொர்க் அனலைசர் எனப்படும் அளவுக்கருவி, உள்ளே செலுத்திய அலையையும் வெளிவரும் அலையையும் ஒப்பிட்டு, வலிமையும் கட்டமும் எவ்வளவு மாறின எனக் காட்டும். பெருக்கி, வடிப்பி போன்றவற்றில் இரண்டு அலைகளும் ஒரே அதிர்வெண் உடையவை; ஒப்பீடு எளிது. கலப்பியிலோ அவை வேறுபடுகின்றன. வெவ்வேறு வேகத்தில் ஓடும் இரு கடிகாரங்களின் முட்களுக்கிடையே நிலையான இடைவெளி இருப்பதில்லை. அதுபோலவே இவ்வலைகளின் கட்ட வேறுபாடும் நிலைத்து நிற்பதில்லை.

வலிமையை அளப்பதற்கு, அனலைசரின் ஏற்பியை வெளிவரும் அதிர்வெண்ணுக்கு இசைத்து, திறன்மானியால் அளவீட்டைச் சரிபார்ப்பர். 1 மில்லிவாட் செலுத்தி 0.2 மில்லிவாட் கிடைத்தால் மாற்ற இழப்பு ஏறத்தாழ 7 டெசிபல் ஆகும். கட்டத்தை அளப்பதற்கு மற்றொரு கலப்பியைத் துணைக்கொள்வர். ஒரே அலையியற்றியே இரண்டையும் இயக்குவதால், இரு வெளியீடுகளும் ஒரே அதிர்வெண் பெறுகின்றன. ஒப்பீடு மீண்டும் இயல்வதாகிறது.

இந்நுட்பத்தின் தேவையை உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் உணரலாம். கோவிந்த் சுவரூப் தலைமையில் உருவாகி 1970ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கி அங்குள்ளது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அது, புவியச்சுக்கு இணையாக அமையும்படி மலைச்சரிவில் நிறுவப்பட்டது. அதன் 1,056 இருமுனை அலைவாங்கிகள் 22 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அவை ஏற்ற 326.5 மெகாஹெர்ட்ஸ் அலை, 296.5 மெகாஹெர்ட்ஸ் அலையோடு கலந்து 30 மெகாஹெர்ட்ஸாக மாற்றப்பட்டது. தொகுதிகளின் அலைகள் ஒத்த கட்டத்தில் சேர்ந்தால் வலுப்பெறும். சமவலிமையுள்ள இரண்டு அலைகள் 180 பாகை விலகிச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு தொகுதியின் கலப்பி தரும் சிறு கட்டப் பிழையும் தொலைவிலுள்ள விண்மீனின் குரலை மங்கச் செய்யும்.

மாடிக் கிண்ணத்திற்கு வலிமை போதும். முத்தோரைக்குக் கட்டமும் வேண்டும். எதனை அளக்க வேண்டும் என்பதை, அதன் பயனே தீர்மானிக்கிறது. ஒப்பிட இயலாதவற்றிற்கு முதலில் பொது அடிப்படையைக் காண்பதே அளவையியலின் முதற்பாடம்.