மஸ்கெலியாவின் காலை வெயில்

வருடத் தொடக்கத்தில் மழை ஓய்ந்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றினால், 1969இல் அணை எழுந்தபோது மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் வெளியே தெரியும். சனம் இறங்கிப் போய்ப் பார்க்கும். நீர் இறங்கினால் கெனியன், லக்சபான மின்நிலையங்களில் மின்சாரம் எடுப்பதும் சுருங்கும். மலையில் வெயில் நன்றாக அடிப்பதும் அதே மாதங்களில்தான். இந்த ஊருக்கு சோலார் பொருந்தும் என்று துணிந்து சொல்ல எனக்கு இது போதும்.

மழையூருக்கு சோலார் எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 பாகையைத் தாண்டிப் பேனல் சூடாகும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். அந்த வகையில் குளிர் நமக்கு லாபம். ஆனால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை வானத்தை மூடிவிடும். ஆகவே வெயில் மாதத்து உற்பத்தியை வைத்து வருடக் கணக்குப் போடக் கூடாது.

பேனல் தெற்கு பார்க்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் மஸ்கெலியாவில் காலை வெயிலைத்தான் நம்பலாம். மதியம் திரும்பினால் பல நாட்களில் மூடுபனி இறங்கிவிடும். அதனால் கிழக்குச் சாய்வான கூரையை இங்கே ஒதுக்கிவிட வேண்டாம். சோலார் பொருத்தும் ஆள் வந்து அளப்பதற்கு முன்பே எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, நிழல் மரம் எப்போது மறைக்கிறது என்று சில நாட்கள் கவனியுங்கள். பேனலின் செல்கள் ஒன்றோடொன்று தொடராக இணைந்திருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழல் அந்த வரிசையின் உற்பத்தியையே கீழே இழுத்துவிடும்.

எங்கள் கூரையில் தூசியைவிடப் பாசிதான் தொல்லை. பேனலின் கீழ்ச் சட்டத்தை ஒட்டிப் பச்சைக் கோடாகத் தொடங்கி, மெல்லக் கண்ணாடி மேல் ஏறும். விடியற்காலையில், கண்ணாடி சூடாகுமுன், மெல்லிய துணியும் வெறும் தண்ணீரும் போதும். சவர்க்காரத் தூளும் கம்பித் தேய்ப்பானும் வேண்டாம்.

2016இல் அரசாங்கத்தின் ‘சூரிய பல சங்கிராமய’ திட்டம் தொடங்கிய பிறகு கூரை சோலார் நாடெங்கும் பரவியது. ஆனாலும் 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் கரண்ட் வெட்டியபோது, பேனல் உள்ள வீடுகளிலும் பல இருட்டில் கிடந்தன. லைனில் கரண்ட் நின்றால் சாதாரண இன்வர்ட்டரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. வெட்டு நேரத்திலும் வெளிச்சம் வேண்டுமென்றால், பெட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் வேண்டும் என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

தோட்டத்து லயத்துக் காம்பராவுக்கு இந்தப் பெரிய கூரை சோலார் செட் சரிவராது. கூரை பல குடும்பங்களுக்குப் பொது, பழைய தகரத்தில் துளை போட்டால் ஒழுகும். மாத பில் சிறியதாக இருக்கும்போது போட்ட காசு திரும்பி வரவும் வருடக்கணக்காகும். இரண்டு மூன்று எல்.இ.டி. பல்பும் போன் சார்ஜும் தாங்கும் சிறிய பேனலைத் தனிக்கம்பத்தில், பெட்டரியோடு வைத்துக்கொள்வதே அங்கே புத்திசாலித்தனம்.