கல்லாற்றுக்குப் போகும் வழியில் ஒரு கோயிக்கல்

திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர்களுக்கு விடுமுறை என்றால் பொன்முடி. பொன்முடி என்றால் வழியில் கல்லாற்றுக் குளியல். கட்டுச்சோறும் மாற்றுத் துணியுமாகப் புறப்படும் வேன் நேராக ஆற்றங்கரையில்தான் போய் நிற்கும். இடையில், நகரிலிருந்து 18 கிலோமீட்டரில் வரும் நெடுமங்காட்டை யாரும் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய் வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் அங்கே டயர் பஞ்சரானது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு கோயிக்கல் அரண்மனைக்குள் நுழைந்தேன்.

பெயரிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. பழந்தமிழில் கோயில் என்றால் கோவின் இல், அதாவது அரசன் வாழும் வீடு. நம் வழக்கில் அந்தச் சொல் தெய்வத்துக்கு உரியதாகிவிட்டது. இங்கோ 'கோயிக்கல்' என்ற வடிவில் பழைய பொருள் அப்படியே தங்கியிருக்கிறது.

கோட்டை கொத்தளங்களை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து போவார். சரிந்த ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம், இரண்டு தளங்கள் கொண்ட நாலுகெட்டு வீடு, அவ்வளவுதான். இளவரசர் ரவிவர்மர் சிறுவராக இருந்தமையால் 1677 முதல் 1684 வரை வேணாட்டின் ஆட்சியை நடத்திய உமையம்மை ராணிக்காகக் கட்டப்பட்டது என்பர். ஆங்கிலேயர் அஞ்சுதெங்கில் காலூன்ற இடம் கொடுத்தவரும் இவரே. அதன் விளைவு தனிக் கட்டுரைக்கு உரியது.

தொல்பொருள் துறை 1992இல் இங்கே நாட்டார் கலை அருங்காட்சியகம் அமைத்தது. என் மகள் பள்ளியில் மலையாளம் படித்தவள். நாகர்கோவில்காரியான அம்மாவுக்கு மலையாள எழுத்து தெரியாது. ஆகவே மகள் பெயர்ப் பலகைகளை உரக்க வாசித்துக்கொண்டே போனாள். "மரவுரி" என்று வாசித்து, பொருள் தெரியாமல் நின்றாள்.

"மரப்பட்டையை உரிச்சு அடிச்சு செய்த துணி, மக்கா. ராமர் காட்டுக்கு உடுத்திட்டுப் போனாருல்லா!" என்றார் அம்மா.

வாசித்தவளுக்குப் பொருள் தெரியவில்லை. பொருள் தெரிந்தவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. நாணயப் பகுதியிலும் இதே கதைதான். அனந்தராயன் பணம், கலியுகராயன் பணம், உலகின் மிகச் சிறிய நாணயங்களுள் ஒன்றான ராசி என்று அவள் வாசிக்க, அம்மா திருவிதாங்கூர்க் கணக்கை ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய் என்றால் அரைச் சக்கரம் கூடுதலாம்! கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்தக் கணக்கு அவரிடம் அழியவில்லை.

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது சந்திரவளையம் என்ற சிறிய தாளக் கருவி. ராமகதைப்பாட்டு பாடும்போது இதை வாசிப்பார்கள். அந்தப் பாட்டை இயற்றியவர் கோவளம் அருகே வாழ்ந்த அய்யிப்பிள்ளை ஆசான். அவர் கையாண்ட மொழியில் தமிழும் மலையாளமும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கும். மலையாள இலக்கிய வரலாறுகள் இதைத் தம் நூலாகப் பேசுகின்றன. நம் மேடைகளில் கம்பனைப் பற்றி எத்தனையோ பட்டிமன்றங்கள் கேட்டுவிட்டேன். ஆசானின் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. நம் வீட்டு வாசலில் பிறந்த ராமாயணம் இது.

"அப்பா, அந்தப் பாட்டு தமிழா, மலையாளமா?" என்று மகள் கேட்டாள். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. அதைக் கேட்டு வளர்ந்த தென் திருவிதாங்கூர் மக்களுக்கு இப்படியொரு கேள்வி எழுந்திருக்குமா என்பதே ஐயந்தான். சங்கத்தின் ஞாயிறு வகுப்பை அந்த முற்றத்தில் ஒருநாள் நடத்தினால் என்ன என்று தோன்றியது. (திங்கட்கிழமை விடுமுறை; அன்று போய்த் திரும்பாதீர்கள்.)

பிறகு விதுரை வழியாகக் கல்லாற்றை அடைந்தபோது மாலை நான்கு மணி. குளிக்க நேரமில்லை, சுழல் உள்ள கயங்களும் அங்கே உண்டு. உருண்டை உருண்டையான பாறைகளில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். பாலத்தருகே இருந்த மலையாளப் பலகையை மகள் வாசித்தாள்: "கல்லாறு."

"இதுக்குமா அர்த்தம் சொல்லணும்?" என்றார் அம்மா.