மார்கழிக் குளிருக்குச் சூடாக ஒன்று

கேள்வி: ஐரோப்பாவில் குளிர்காலத்தில் ஒயினில் பட்டை, கிராம்பு போட்டுச் சூடாக்கிக் குடிக்கிறார்களாம். நம் பக்கத்துக் கள்ளை அப்படிக் காய்ச்சலாமா?
– வாசகர், சாயல்குடி

பதில்: வேண்டாம். முதலில், 1987 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருக்கிறது. அடுத்து, ஆல்கஹாலின் கொதிநிலை 78 டிகிரி செல்சியஸ்தான். கள் கொதித்தால் போதை ஆவியாகிப் புளிப்பே மிஞ்சும். ஒயினையும் அவர்கள் கொதிக்க விடுவதில்லை. ஆவி கிளம்பியதும் இறக்கிவிடுவார்கள்.

ஆனால் அந்தப் பழக்கத்துக்கும் உங்கள் மாவட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. ரோமானியர்கள் ஒயினில் தேனும் மிளகும் சேர்த்துப் பக்குவம் செய்தார்கள். மிளகு தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறியது. அவர்களுடைய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள், வைகை கடலில் சேரும் இடத்தை ஒட்டிய அழகன்குளத்தில் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

குளிருக்கு என்ன குடிப்பது? பதநீர் கோடையை ஒட்டித்தான் பெருகும். ஆனால் உங்கள் ஊர்க் கருப்பட்டி ஆண்டு முழுக்க உண்டு. நான்கு டம்ளர் தண்ணீரில் தட்டிய சுக்கு ஒரு துண்டு, மல்லி இரண்டு தேக்கரண்டி, மிளகு பத்து, ஏலக்காய் இரண்டு போட்டு, மூன்று டம்ளராக வற்றவிடுங்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டிச் சேருங்கள். அதில் மண் இருக்கும். விடியலில் கடலிலிருந்து கரையேறுபவர்களுக்கு இதைவிட நல்ல பானம் எனக்குத் தெரியாது. மது உடம்புக்குச் சூடு தருவதாகத் தோன்றும். உண்மையில் தோல் வழியே சூட்டை இழக்கச் செய்யும். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு மட்டும் மிளகைக் குறையுங்கள்.